கார்புரேட்டரைக் கடைசியில் கழற்றுங்கள்

பிசானப் பருவ நெல் அறுப்பு முடிந்து, மாசி பங்குனியில் வரப்பு வேலை ஓய்ந்ததும் புல் வெட்டும் மெஷின், அதாவது பிரஷ் கட்டர், தொழுவத்து ஓரம் ஆணியில் ஏறிவிடும். டேங்கில் கால்வாசி பெட்ரோல் அப்படியே கிடக்கும். சித்திரை, வைகாசி வெயில் முழுக்கத் தகரக் கூரைக்கடியில் அது வெந்துகொண்டிருக்கும். ஆனியில் குற்றாலத்துப் பக்கம் சாரல் விழுந்து, கார் பருவ நடவுக்கு முன்னால் வரப்பைச் செதுக்கலாம் என்று எடுத்துக் கயிற்றை இழுத்தால் தோள்வலிதான் மிச்சம். அம்பாசமுத்திரமோ களக்காடோ, அந்த நேரத்தில் எந்த மெக்கானிக் கடை வாசலிலும் இந்த மெஷின்கள்தான் சாய்ந்து நிற்கும்.

“அண்ணாச்சி, ஸ்டார்ட் ஆவுது, ரேஸ் எடுக்க மாட்டேங்கு. கார்புரேட்டரத்தான் பாக்கணும்.”

கொண்டுவருகிறவரே நோயையும் சொல்லி மருந்தையும் சொல்லிவிடுகிறார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். பாதி நேரம் அதில் கோளாறு ஒன்றுமே இருக்காது. டேங்க் மூடி, ஃபில்டர், ஓஸ், பழைய பெட்ரோல், சைலன்சர் என்று அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற ஏதோ ஒன்றில் கோளாறு இருக்கும். தெரியாத கையில் கார்புரேட்டரைப் பிரித்தால், இருக்கிற ஒரு கோளாறோடு கிழிந்த பேக்கிங், தொலைந்த ஸ்பிரிங், இடம் மாறிய ஸ்க்ரூ என்று மூன்று சேரும். எனவே பிரிப்பது கடைசி வேலை. ட்யூனிங் ஸ்க்ரூவில் கை வைப்பது அதற்கும் கடைசி.

முதலில் ப்ளக். காற்றைக் குறைக்கும் சோக்கைப் போட்டு ஐந்தாறு தடவை இழுத்துவிட்டு ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் உள்ளே வருகிறது. ஸ்பார்க் இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மிஞ்சிவிட்டது. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. ஸ்பார்க் பார்க்கும்போது ப்ளக்கை அது இருந்த துளைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. அந்தத் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிக்கொண்டு வரும், பட்டென்று தீ பிடிக்கும். தள்ளி, எஞ்சினின் வேறொரு இரும்புப் பகுதியில் அழுத்தி வைத்து இழுங்கள். ப்ளக் இடைவெளி சின்ன பிரஷ் கட்டருக்கு 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். களை எடுக்கும் பவர் வீடரில் வரும் 200 சிசி சுமாரான நாலு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு 0.7 முதல் 0.8.

ஸ்பார்க் நன்றாக இருந்து, கயிறு இழுக்கையில் கம்ப்ரஷனும், அதாவது உள்ளே காற்று அமுங்கும் எதிர்ப்பும், கைக்குத் தெரிந்தால், அரை டீஸ்பூன் பெட்ரோலை ப்ளக் துளையில் ஊற்றி, ப்ளக்கை மாட்டி இழுங்கள். டூ ஸ்ட்ரோக் என்றால் ஆயில் கலந்த பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். இரண்டு மூன்று வினாடி ஓடி நின்றால் எஞ்சினும் ஸ்பார்க்கும் சரி, பெட்ரோல் வந்து சேரும் வழியில்தான் அடைப்பு. ஒரு வெடிகூட வரவில்லை என்றால் கார்புரேட்டர் பக்கமே போக வேண்டாம்.

பெட்ரோல் வரும் வழியைப் பார்ப்பது டேங்க் மூடியில் தொடங்குகிறது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போவதற்கு மூடியிலோ பக்கத்திலோ ஒரு சிறு துளையோ வால்வோ இருக்கும். அதில் மண் அடைத்தால் மெஷின் பத்து நிமிடம் ஜோராக ஓடி, மெல்ல மூச்சு முட்டி நிற்கும். மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று சத்தம் வரும், மறுபடி ஸ்டார்ட் ஆகும். இதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்துப் புதிது வாங்கிப் போட்டவர்கள் நிறையப் பேர். நிற்கிற நேரத்தில் மூடியைத் தளர்த்திப் பார்க்க ஒரு ரூபாய் செலவில்லை.

அடுத்தது டேங்குக்குள் ஓஸின் நுனியில் தொங்கும் ஃபில்டர். வளைந்த கம்பியால் மெதுவாக வெளியே எடுங்கள். கறுத்து, பிசுபிசுத்து இருந்தால் கழுவ வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஓஸை விரலால் மடக்கிப் பாருங்கள். விறைத்துப் போய் மடக்கும் இடத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அது பெட்ரோலை விடக் காற்றைத்தான் அதிகம் இழுக்கும்.

பிரைமர் பம்ப், அதாவது விரலால் அமுக்கும் அந்த ரப்பர் குமிழ், நிறையச் செய்தி சொல்லும். அமுக்கியது அமுங்கியே கிடந்து எழும்பாவிட்டால் ஃபில்டரோ ஓஸோ அடைத்திருக்கிறது. எழும்பி, உள்ளே குமிழி குமிழியாக வந்துகொண்டே இருந்தால் ஓஸ் வெடிப்பு, அல்லது ஃபில்டர் பெட்ரோலில் முழுகவில்லை. அமுக்கவே கடினமாக இருந்தால் டேங்குக்குத் திரும்பிப் போகும் ஓஸில் அடைப்பு. ஆனால் குமிழ் நிறைய பெட்ரோல் நிற்பதை வைத்துக் கார்புரேட்டர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. அந்தக் குமிழ் டேங்கிலிருந்து கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சித் திரும்ப டேங்குக்கே அனுப்புகிறது. ஓடும்போது பெட்ரோலை இழுக்கும் பம்ப் வேறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

பெட்ரோலைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பல சிறு எஞ்சின்களின் கையேடு 10 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் பாதி காலியான கேனில் நாள்கணக்கில் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகப் படியும். டூ ஸ்ட்ரோக்கில் இது ஆபத்து, ஏனென்றால் பெட்ரோலில் கலந்த 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) மேலே நிற்கும் பெட்ரோலோடு தங்கிவிடும். ஃபில்டர் அடியிலிருந்து உறிஞ்சுவதோ ஆயில் இல்லாத சரக்கு. பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஐந்து நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் கோடு விழுந்தால் அதை எந்த எஞ்சினிலும் ஊற்றாதீர்கள். கலவை விகிதம் உங்கள் மெஷினின் டேங்கிலோ கையேட்டிலோ இருக்கும். 25க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50க்கு 1 என்றால் 20 மில்லி. பைக்குக்கு ஊற்றும் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயிலைக் கலக்கவே கூடாது. கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

கார்புரேட்டர் மேல் பழி போடும் இன்னொன்று சைலன்சர். டூ ஸ்ட்ரோக் சைலன்சரின் வாயில் ஒரு சின்ன கம்பி வலை உண்டு. ஆயில் அதிகமாகக் கலந்தால் அதில் கரி அப்பும். மெஷின் ஐடிலில், அதாவது ரேஸ் கொடுக்காமல் மெதுவாக, ஓடும், ரேஸ் கொடுத்தால் மூச்சு வராது. அறிகுறி அப்படியே கார்புரேட்டரின் மெயின் ஜெட் (ரேஸில் பெட்ரோல் போகும் துளை) அடைப்புதான். நாலு மாதம் சும்மா கிடந்த மெஷினாக இருந்தால் சைலன்சருக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். நம் பக்கத்தில் இது அபூர்வம் இல்லை.

இதெல்லாம் சரியாக இருந்தால் இப்போது கார்புரேட்டர். மெஷின் ஓடுகிற விதமே எந்தப் பாதையில் அடைப்பு என்று சொல்லிவிடும். ஐடிலில் ஓடாமல் ரேஸில் மட்டும் ஓடினால் ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டோ ஐடில் பாதையோ. ஐடிலில் ஓடி, ரேஸ் கொடுத்தால் செத்துப்போனால் மெயின் ஜெட். சோக்கை எடுத்தால் நிற்கிறது, சோக்கில் மட்டும் ஓடுகிறது என்றால் பெட்ரோல் குறைவு அல்லது எங்கோ காற்றுக் கசிவு. ரேஸ் தானாக ஏறி ஏறி இறங்கினாலும் அதே சந்தேகம்தான். இதைப் பார்த்துவிட்டு பவர் வீடரில் ரேஸைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்து மாட்டுகிறவர்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள். ஏர் ஃபில்டர் பக்கம் பெட்ரோல் ஒழுகினால், பெட்ரோலை மூடித் திறக்கும் ஃப்ளோட் நீடில். சூடானதும் நின்று, ஆறியதும் ஓடினால் நின்ற அந்த நிமிடமே ஸ்பார்க்கைப் பாருங்கள். ப்ளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் சூட்டில் உயிர்விட்டால் அப்போதுதான் பிடிபடும்.

பவர் வீடர், தண்ணீர் இறைக்கும் பெட்ரோல் பம்ப் இவற்றில் ஃப்ளோட், அதாவது மிதவை, வைத்த கார்புரேட்டர். பெரும்பாலும் பெட்ரோல் தேங்கும் பவுலின் அடியில் 10 மில்லிமீட்டர் போல்ட். பெட்ரோல் டேப்பை மூடி, அடியில் கிண்ணம் வைத்து, வெட்டவெளியில் கழற்றுங்கள். பவுலில் வந்த பெட்ரோலைக் கொட்டிவிடாமல் பாருங்கள். உருண்டு திரியும் முத்து போலத் தெரிந்தால் தண்ணீர். பதநீர் காய்ச்சிய சட்டியின் அடிப்பாகு மாதிரி பழுப்பாக ஒட்டியிருந்தால் அது ஆவியான பெட்ரோலின் பிசின். வெள்ளைப் பொடியாக இருந்தால் தண்ணீர் நின்று உலோகம் அரித்திருக்கிறது. பிசின் போய்விடும், ஆழமாக அரித்த துளை போகாது.

நடுத்தண்டுக்குள் மெயின் ஜெட் இருக்கும். வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் அகலமான திருப்புளிதான் வேண்டும். சின்னத் திருப்புளியால் திருகினால் பித்தளைத் தலை மழுங்கி, ஜெட் அங்கேயே குடியிருந்துவிடும். ஜெட் வந்ததும் கார்புரேட்டர் உடம்பைத் தலைகீழாகத் தட்டினால் பக்கவாட்டில் துளைகள் உள்ள ஒரு குழல் விழும். பலர் இதை எடுப்பதே இல்லை, அதனால்தான் ‘கழுவியும் சரியாகல’ என்று திரும்பி வருகிறார்கள். பைலட் ஜெட் மேல் பக்கத்தில், ஐடில் ஸ்க்ரூவுக்கு அடியில் கறுப்பு பிளாஸ்டிக் தலையோடு உட்கார்ந்திருக்கும். ஐடில் ஸ்க்ரூவை எடுத்துவிட்டு மெதுவாக நெம்பினால் வரும். அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் கீழே. ஒற்றைக் கண்ணை மூடி வானத்தைப் பார்த்துப் பிடியுங்கள். ஊசிமுனை அளவு ஒளிப்புள்ளி சுத்தமான வட்டமாகத் தெரிய வேண்டும். பிறைபோல் தெரிந்தாலோ மங்கலாகப் பழுப்படித்தாலோ அடைப்பு இன்னும் இருக்கிறது.

அந்தத் துளையில் ஊசி, கொசுவலைக் கம்பி, கிதார் கம்பி எதையும் விடக் கூடாது. பித்தளை மெத்தென்றது. ஒரு கீறல் விழுந்தாலும் அளவு மாறி, பிறகு எப்போதும் பெட்ரோல் அதிகமாகப் போகும். மெல்லிய வயரை உரித்து எடுத்த ஒற்றைச் செம்பு இழை போதும். அதுவும் கார்ப் கிளீனர் அடித்துப் பத்து நிமிடம் ஊறிய பிறகு. கிளீனர் அடிக்குமுன் ரப்பர் ஓ-ரிங், நீடில், ஃப்ளோட் எல்லாவற்றையும் தனியே எடுத்து வையுங்கள். தின்னரில் ஊறப்போட்டால் ரப்பர் ஊதிவிடும். புளித்தண்ணீரோ ஆசிட்டோ பளபளப்பாக்கும், உலோகத்தையும் தின்னும். கழுவியபின் பஞ்சர் கடைக் காற்றை ஒவ்வொரு துளையிலும், வந்த வழிக்கு எதிர்த்திசையில் அடியுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள், கிளீனர் கண்ணில் தெறித்தால் பொறுக்க முடியாது.

நீடிலின் கூம்பு நுனியில் வளையம் போல் தடம் விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் ஓட்டை. சோதனை எளிது: ஃப்ளோட்டை மாட்டி, பவுல் இல்லாமல், பெட்ரோல் வரும் குழாயில் சுத்தமான ஓஸ் மாட்டி வாயால் ஊதுங்கள். நேராகப் பிடிக்கையில் காற்று போக வேண்டும், தலைகீழாகத் திருப்பினால் சுத்தமாக நிற்க வேண்டும். ஹோண்டா ஜிஎக்ஸ்160, ஜிஎக்ஸ்200 எஞ்சின்களில் ஃப்ளோட் உயரம் 13.7 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் ஃப்ளோட்டை வளைத்து அளவு வைக்க முடியாது, தவறாக இருந்தால் மாற்றத்தான் வேண்டும். பவுலின் ரப்பர் வளையம் பெட்ரோலில் நனைந்து பெரிதாகி, திரும்ப உட்கார மறுத்தால் வெட்ட வேண்டாம். ஒருநாள் வெளியே காயவிட்டால் பெரும்பாலும் சுருங்கிவிடும்.

தோளில் மாட்டும் பிரஷ் கட்டரில் கதை வேறு. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓட வேண்டும் என்பதால் பெரும்பாலும் பவுல் இருக்காது, இரண்டு மெல்லிய சவ்வுகள், அதாவது டயாஃப்ரம்தான். ஒரு பக்கம் பம்ப் டயாஃப்ரம். எஞ்சினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்கும் அழுத்தத் துடிப்பு ஒரு சிறு துளை வழியாக வந்து இதை ஆட்டுகிறது, அதுதான் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. மறுபக்கம் மீட்டரிங் டயாஃப்ரம். அது ஒரு குட்டி நெம்புகோலை அமுக்கி, நீடிலைத் திறந்து அளவாக விடுகிறது.

திறக்குமுன் நாலு பக்கமும் போனில் படம் எடுங்கள். பம்ப் மூடியைக் கழற்றியதும் உள்ளே பொத்தான் அளவு கம்பி வலை ஒன்று தெரியும். பாதி மெஷின்களின் நோய் அதில்தான். ஊசி முனையால் எடுத்துக் கழுவிப் போடுங்கள். டயாஃப்ரத்தை விரலில் எடுத்துப் பாருங்கள். துணி மாதிரி துவள வேண்டும். காகிதம் மாதிரி சரசரத்தால், பம்ப் பக்கத்து நாக்குகள் சுருண்டிருந்தால், கழுவிப் பயனில்லை. டயாஃப்ரம் கிட் வாங்குங்கள். திரும்ப மாட்டும் வரிசையில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பெரும்பாலான வால்ப்ரோ, ஜாமா கம்பெனி கார்புரேட்டர்களில் மீட்டரிங் பக்கம் முதலில் பேக்கிங், அதன்மேல் டயாஃப்ரம், பிறகு மூடி. பம்ப் பக்கம் தலைகீழ்: முதலில் டயாஃப்ரம், அதன்மேல் பேக்கிங், பிறகு மூடி. மாற்றிப் போட்டால் மெஷின் உயிரே காட்டாது.

நெம்புகோலின் உயரம் கார்புரேட்டருக்குக் கார்புரேட்டர் வேறுபடும். கழற்றுமுன் ஒரு இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, புது நீடில் போட்டபின் அதே உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். உயர்ந்தால் பெட்ரோல் மிஞ்சும், தாழ்ந்தால் பட்டினி. அடியில் இருக்கும் ஸ்பிரிங் மிகச் சின்னது. வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். இந்த வகையில் பஞ்சர் கடைக் காற்றை நடு நாசிலில் நேராக அடிக்கக் கூடாது. அதற்குள் ஒரு தகட்டு வால்வு இருக்கிறது, அழுத்தத்தில் பெயர்ந்துவிடும்.

கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஒரு கறுப்புக் கட்டையும் இரண்டு பேக்கிங்கும் இருக்கும். கட்டை, எஞ்சின் சூடு கார்புரேட்டருக்கு ஏறாமல் தடுக்கிறது. பேக்கிங் கிழிந்ததும் சார்ட் அட்டையில் வெட்டிப் போடுவது வழக்கம். வெட்டலாம், ஆனால் துடிப்பு வரும் அந்தச் சின்னத் துளையையும் வெட்ட மறக்காதீர்கள். அது மூடிப்போனால் பம்ப் டயாஃப்ரம் ஆடாது, எவ்வளவு கழுவினாலும் பெட்ரோல் ஏறாது. சிலிக்கான் பேஸ்ட் தடவவே வேண்டாம். பெட்ரோல் பட்டு உருண்டு, நேராக ஜெட்டுக்குப் போகும். கசிவு சந்தேகம் இருந்தால் ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறும் இடத்தில் கசிவு.

இனித்தான் ஸ்க்ரூ. பிரஷ் கட்டர் கார்புரேட்டரில் எல் மெதுவான ஓட்டத்துக்கு, எச் முழு ரேஸுக்கு. இரண்டையும் தொடுமுன், மெதுவாக மூடி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அழுத்தி மூடினால் ஊசிநுனி நசுங்கும். பழைய அளவு தெரியாவிட்டால் இரண்டையும் ஒன்றேகால் சுற்றுத் திறந்து தொடங்கலாம். பிளேடோ நைலான் தலையோ மாட்டி, மெஷினை ஐந்து நிமிடம் சூடாக்கியபின்தான் ட்யூனிங். எல் ஸ்க்ரூவைத் திருகி ஐடில் அதிகமாகும் இடம் கண்டு, அங்கிருந்து கொஞ்சம் திறந்து வையுங்கள். பிளேடு சுற்றாதபடி ஐடில் ஸ்க்ரூவால் ரேஸைக் குறையுங்கள். எச் கடைசி. சும்மா முழு ரேஸ் கொடுத்தால் சத்தம் லேசாகக் கரகரக்க வேண்டும், புல்லில் இறக்கியதும் அந்தக் கரகரப்பு மறைய வேண்டும். சும்மா ஓடும்போதே விசில் அடித்தது போல் சுத்தமாகக் கத்தினால் காதுக்கு இனிமைதான், ஆனால் பெட்ரோல் குறைந்திருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைந்தது. பிஸ்டன் ஜாம் ஆக ஒரு சித்திரை மதியம் போதும்.

ராதாபுரம், திசையன்விளை பக்கத்து முருங்கைத் தோட்டங்களில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடிக் காற்றில் பறக்கும் தேரிச் செம்மண் ஏர் ஃபில்டரை அடைத்தால் ப்ளக் கறுக்கும், புகை கக்கும். உடனே ஸ்க்ரூவைக் குறைக்காதீர்கள். ஃபோம் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். காற்று அடிக்கும் நாளில் தினமும். ஃபில்டர் இல்லாமலே ஓட்டினால் செம்மண் பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும், ரேஸ் கொடுக்கும்போது திரும்பும் த்ராட்டில் தண்டையும் தேய்க்கும். அந்தத் தண்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் அந்த இடுக்கில் காற்று இழுக்கிறது, எந்த ட்யூனிங்கும் நிற்காது.

அந்த நிலை வந்தாலோ, கார்புரேட்டர் உடம்பு அரித்திருந்தாலோ புதிது வாங்குவது மலிவு. எத்தனை சிசி என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள், பழையதைக் கையோடு கொண்டு போங்கள். காற்று போகும் வாயின் விட்டம், இரண்டு போல்ட் துளைகளுக்கு நடுவிலான தூரம், துடிப்புத் துளை இருக்கும் இடம், சோக் கைப்பிடி எந்தப் பக்கம், கேபிள் மாட்டும் விதம் இவை அத்தனையும் ஒத்துப்போக வேண்டும். ஃப்ளோட் வகையாக இருந்தால் மெயின் ஜெட்டில் பொறித்த எண்ணையும் ஒப்பிடுங்கள். விலை குறைந்த புதியதில் ஜெட் வேறாக வந்தால், நல்ல நிலையில் இருக்கும் பழைய ஜெட்டைக் கழுவி அதில் மாட்டிக்கொள்ளலாம், மரை ஒத்துப்போனால்.